நாவலை எங்கே மூடுகிறோம்? வடசென்னையிலிருந்து ஒரு விசாரணை

கிளை நூலகத்தில் சில ஆண்டுகள் புழங்கிய தடித்த நாவல் ஒன்றை எடுத்து அதன் பக்க விளிம்பைப் பாருங்கள். முதல் அறுபது எழுபது பக்கங்கள் விரல் அழுக்கேறிப் பழுத்திருக்கும். அதற்கு அப்பால் அச்சகத்து வெள்ளை அப்படியே இருக்கும். பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய தேதித்தாளிலோ முத்திரைக்கு மேல் முத்திரை. நூலகக் கணக்கில் அது நன்றாக ஓடுகிற புத்தகம். எத்தனை பேர் எடுத்துப்போனார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. எத்தனை பேர் எழுபதாம் பக்கத்தைத் தாண்டினார்கள் என்பதற்கு அந்த அழுக்குக் கோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது முதல் தமிழில் நாவலைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. எழுதியவர்கள் எல்லோரும் நாவலை முடித்தவர்கள், அல்லது முடித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள். பாதியில் வைத்தவர் மதிப்புரை எழுதக்கூடாது என்பது எங்கும் எழுதிவைக்காத சட்டம். அதனால் ஒரு நாவல் ஏன் பிடித்தது என்பதற்கு நம்மிடம் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. ஏன் மூடப்பட்டது என்பதற்கு இரண்டே பதில்கள்தாம்: வாசகருக்குப் பொறுமை போதாது, அல்லது, நாவலில் சரக்கு இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது.

இந்தக் கேள்வியை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே நீளும் பட்டையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. இங்கே படிக்கிற நேரம் படிப்பவர் கையில் இல்லை. ஷிப்டு கையில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தமிழ்நாட்டில் வெளியாட்களால் மிக அதிகமாகக் கதையாக்கப்பட்ட இடங்களில் இது ஒன்று. நாவலிலும் சினிமாவிலும் தன் தெருவைப் பார்க்கிற அனுபவம் ஒரத்தநாட்டுக்காரரைவிடக் காசிமேட்டுக்காரருக்கு அதிகம். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிப்பவர் புத்தகத்தை மூடும் இடமும், தெரியாத ஊரைப் பற்றிப் படிப்பவர் மூடும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. தெரியாததால் மூடுவது ஒன்று. தெரிந்ததால் மூடுவது இன்னொன்று. விமர்சனம் முன்னதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறது.

முதலில் குற்றவுணர்ச்சியைக் கவனித்துவிடலாம். பாதியில் வைத்த நாவலைப் பற்றிப் பேசும்போது பலருடைய குரல் இறங்கிவிடுகிறது. இதற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம். புத்தகம் என்றாலே முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை 'போர்ஷன்' என்று பழகிவிட்டோம். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அதைவிடப் பழைய வேர் ஒன்று உண்டென்று நினைக்கிறேன். ராமாயணப் பாராயணம் தொடங்கினால் பட்டாபிஷேகம் வரை போய்த்தான் நிறுத்த வேண்டும். நடுவில் விட்டால் வீட்டுக்கு ஆகாது. பாராயணத்துக்கு உரிய விதியை நாவலுக்கும் நீட்டிவிட்டோம். இலையில் சோறு மிச்சம் வைக்காதே என்று வளர்த்த வீடுகளில், நாவலில் இருநூறு பக்கம் மிச்சம் வைப்பது கூசத்தான் செய்யும்.

காசு கொடுத்து வாங்கியிருந்தால் கூச்சத்தோடு நஷ்டமும் சேரும். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலமானது. அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் சீட்டுக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், பருவத்தின் முதல் பாதியில், தள்ளுபடிக்காரர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், போட்ட காசுதான் வேறு. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் விலைக்கு வாங்கிய நாவலை நாம் விடாமல் முடிக்க வேண்டும். நடப்பது வேறு. வாங்கிய நாவல் அலமாரிக்குப் போகிறது. 'அப்புறம் படிக்கலாம்' என்ற ஒரு வார்த்தையில் அது பத்தாண்டு காலம் கைவிடப்படாத புத்தகமாகவே நின்றுகொண்டிருக்கும். நூலகப் புத்தகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு வாரத்தில் திருப்பியாக வேண்டும். புதுப்பிப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முடிவெடுத்தாக வேண்டும். ஆகவே, கைவிடுதலைப் பற்றி உண்மையான தீர்ப்பு நூலகத்தில்தான் கிடைக்கிறது.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னவர் நம்மூர்க்காரர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அவருடைய முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், இந்திய மாகாணங்களில் அவ்வகையில் முதலாவது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அந்தக் காசில் வாங்கிய நாவலை முடிக்காமல் திருப்பித் தருகிறவர், ரங்கநாதனின் நான்காவது விதியைத் தன்னளவில் நிறைவேற்றுகிறார் என்றே சொல்லலாம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-ல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது புத்தகத்தை முடிக்காமலிருக்கும் உரிமையையும் அதில் சேர்த்தார். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் அதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்தார்: ஐம்பது பக்கம் வரை பாருங்கள், பிடிக்காவிட்டால் வையுங்கள், ஐம்பது வயதைக் கடந்தவரானால் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம் போதும். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கம் பார்த்தால் கடமை முடிந்தது.

நாவலைப் பாதியில் மூடுவது என்பதே ஒரு புதிய பழக்கம். ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விளக்கியிருப்பதுபோல, கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். தனியே உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் வழக்கம் நாவலோடு வேரூன்றியது. கேட்பவரால் எழுந்து போக முடியும், தூங்க முடியும். புத்தகத்தை மூட முடியாது. குஜிலிக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைகளை ராயபுரத்துத் திண்ணையிலோ ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலோ ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டிருந்தால், அங்கே சலிப்பு என்பது கூட்டத்தின் சலசலப்பாகத்தான் வெளிப்பட்டிருக்கும். மௌன வாசிப்பு வந்த பிறகுதான் சலிப்பு தனியாள் விவகாரமானது.

தொடர்கதை அந்தத் தனியாளை மறுபடி கூட்டத்தில் சேர்த்தது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தபோது அதைப் பாதியில் விட்டவர் என்று ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்திருக்கும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வீட்டில் கதை கேட்டுக்கொள்ளலாம். ஆறு நாள் இடைவெளி களைப்பையும் ஆற்றிவிடும். அதே கதை ஐந்து பாகம் சேர்ந்த புத்தகமாகக் கைக்கு வரும்போது, வாரக் கடைசியில் வாசகரைத் தொங்கவிடுவதற்காக வைத்த முடிச்சுகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகின்றன. முன்கதையை நினைவூட்டுவதற்காக எழுதிய வரிகள் சற்றுமுன் படித்ததையே திரும்பச் சொல்கின்றன. 2022-ல் படம் வெளிவந்ததை ஒட்டிப் பெட்டியோடு வாங்கியவர்கள் ஏராளம். அவர்களில் இரண்டாம் பாகத்தில் நின்றுபோனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு வருடம் பரவியிருந்த ஒன்றை நான்கு வாரத்தில் விழுங்கப் பார்த்தார்கள்.

இனி ஷிப்டு. விம்கோ தீப்பெட்டி, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., அசோக் லேலண்ட், மணலிச் சுத்திகரிப்பு ஆலை, 2017 வரை ஓடிய எண்ணூர் அனல்மின் நிலையம், துறைமுகம் என்று இந்தப் பகுதியின் பல தலைமுறை வேலை ஷிப்டு வேலை. இந்த வாரம் காலை ஆறு மணி என்றால் அடுத்த வாரம் பிற்பகல் இரண்டு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து. முதல் வாரம் மாலையில் நாற்பது பக்கம் படித்தவருக்கு இரண்டாம் வாரம் மாலையே இல்லை. மூன்றாம் வாரம் பகலில் தூக்கம். மறுபடி புத்தகத்தைத் திறக்கும்போது சண்முகம் யார், சண்முகத்தின் மைத்துனன் யார் என்று தெரியாது. அவர் அந்த நாவலை வெறுத்து வைக்கவில்லை. கதை அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. கைவிடுதல் பற்றிய வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் வாசகரின் மனத்தைக் கேட்கின்றன, அவருடைய வேலை நேரத்தைக் கேட்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட ஒரே தொழில் மாதநாவல் தொழில். 1969-ல் தொடங்கிய 'ராணிமுத்து', பிறகு 'மாலைமதி', எண்பதுகளில் ஜி. அசோகன் நடத்திய 'பாக்கெட் நாவல்', 'கிரைம் நாவல்', 'எ நாவல் டைம்' ஆகியவை மடித்துச் சட்டைப்பையிலோ டிபன் பைக்குள்ளோ வைக்கிற அளவில் வந்தன. ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் எழுதிவிட்டார். சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கூட்டம். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் போகும்போது ஒரு பாதி, திரும்பும்போது மறுபாதி. இந்த அளவில் ஒரு வேடிக்கை இருக்கிறது: கதை சுமார் என்று தெரிந்தாலும் யாரும் விடுவதில்லை. மூடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் முடித்தே விடலாம். ஏமாற்றம் கடைசிப் பக்கத்தில் வரும், அடுத்த மாதம் மறந்துபோகும். மாதநாவலை இலக்கியவாதிகள் எவ்வளவு திட்டியிருந்தாலும், வாசகரின் நாளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து தைத்தவர்கள் அவர்கள்தாம்.

நீளத்தின் கதையை ஒரே எழுத்தாளரிடம் பார்க்கலாம். சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர். புத்தகங்களைப் பையில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். அவருடைய 'வாடிவாசல்' ஒரு மதியத்தில் முடிகிற குறுநாவல். இன்றும் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கைக்குப் போகிறது. அவரே கடைசிக் காலத்தில் மூன்று பாகமாக எழுதி வெளியிட்ட 'சுதந்திர தாகம்' அவர் மறைவுக்குப் பிறகு 2001-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதை முடித்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரே கை, ஒரே நேர்மை. நீளம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். 'வாடிவாசல்' ஒரு கேள்வியை முதல் பக்கத்திலேயே நட்டுவிடுகிறது, 'சுதந்திர தாகம்' ஒரு காலத்தையே தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறது. ஆனாலும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய எந்த நாவலும் வாசகரிடம் பெரிய கடன் கேட்கிறது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', ஜோ டி குருஸின் 'கொற்கை', இருபத்தாறு நாவல்களாக விரிந்த ஜெயமோகனின் 'வெண்முரசு' எல்லாமே அந்தக் கடன்காரர்கள். 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்ததால், கல்கியின் பழைய வார உத்தி அதற்குத் துணையாக நின்றது.

பெயர்கள் இன்னொரு வாசல். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலையில் வந்த சோவியத் நாவல்கள் தொழிற்சங்க அலுவலகங்களில் கட்டாயம் இருந்த காலம் உண்டு. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' தொழிலாளரிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. ஆலை, துண்டுப் பிரசுரம், போலீஸ், அம்மா எல்லாம் இங்கேயும் இருந்தவை. டால்ஸ்டாயை டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று மூன்று பாகமாகத் தந்தார். அங்கே ஒரே ஆளுக்கு மூன்று பெயர், அதிலும் தந்தை பெயர் நடுவில் வந்து நிற்கும். பிரபு வீட்டு விருந்திலேயே பலர் வெளியேறிவிட்டார்கள். வட்டார வழக்கும் இப்படித்தான். தென்கோடிப் பரதவர் பேச்சில் எழுதிய 'ஆழிசூழ் உலகு', சென்னையில் வளர்ந்த வாசகருக்கு முதல் ஐம்பது பக்கம் அலையோடு மோதுவதுபோல இருக்கும். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல் வந்தபோது, கதை எங்கே என்று தேடியே பலர் களைத்தார்கள். இவையெல்லாம் தெரியாததால் மூடுவதன் வகைகள். இவற்றுக்கு மருந்து உண்டு: நண்பர் ஒருவரின் ஊக்கம், ஓர் அருஞ்சொல் பட்டியல், ஒரு நீண்ட விடுமுறை. சிற்றிதழ் மரபு இந்த வாசகரைப் பார்த்துத்தான், 'உழைத்துப் படி' என்றது. நியாயமான அறிவுரை. ஆனால் அது எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையாகிவிட்டது.

எண்களைக் கொண்டு இதை அளக்கப் பார்த்தவர்களும் உண்டு. கணிதப் பேராசிரியர் ஜோர்டான் எலன்பெர்க் 2014-ல் கிண்டில் கருவியில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட வரிகள் எந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று பார்த்து, பாதி விளையாட்டாக ஓர் அளவுகோல் செய்தார். ஹாக்கிங்கின் புகழ்பெற்ற நூலுக்கு 6.6 சதவீதம், பிக்கெட்டியின் 'மூலதனம்' நூலுக்கு 2.4. டோனா டார்ட்டின் 'தி கோல்டுஃபிஞ்ச்' நாவலுக்கு 98.5 வந்தது, கிட்டத்தட்ட எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதே ஆண்டு கோபோ நிறுவனம் தன் கருவிகளில் பக்கம் புரட்டியதையே எண்ணிச் சொன்ன கணக்கில், பிரிட்டனில் அதே நாவலை முடித்தவர்கள் 44.4 சதவீதம்தான். ஒரு நாவலின் கடைசியில் அழகான வரி இருந்தால் அடிக்கோடு அங்கே விழும். அதைப் போட்டவர்கள் கடைசி வரை வந்த பாதிப் பேர் மட்டுமே. அளவுகோலே கதை சொல்லிவிட்டது.

விருதைப் பற்றிய கணக்கு இன்னும் உபயோகமானது. பாலாஸ் கோவாச், அமாண்டா ஷார்க்கி என்ற இருவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, விருது பெற்ற நாவல்களுக்கு விருதுக்குப் பிறகு வாசகர் தரும் மதிப்பெண் குறைவதைக் காட்டியது. காரணம் லேசாகச் சொல்லிவிடக்கூடியது: விருது வருவதற்கு முன் அந்த வகை எழுத்தில் நாட்டமுள்ளவர் வாங்கினார். விருது வந்தபின் எல்லோரும் வாங்கினார்கள். நம்மூரில் டிசம்பரில் சாகித்திய அகாதெமி அறிவிப்பு, ஜனவரியில் புத்தகக் காட்சி. அந்த மாதத்தில் விற்கிற பிரதிகளில் எத்தனை ஜூன் மாதம் வரை படிக்கப்படுகின்றன என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் பதிப்பாளருக்கு மனக்கஷ்டம்.

காலமும் ஒரு காரணம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். மு.வ.வின் 'அகல் விளக்கு', நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' ஆகியவற்றை அறுபதுகளில் இளைஞர்கள் வரிவரியாகக் குறிப்பெடுத்துப் படித்தார்கள். கதாபாத்திரங்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இன்று அந்த அறிவுரைப் பத்திகளில் இளைய வாசகர் நின்றுவிடுகிறார். நாவல் மாறவில்லை.

இனி, தெரிந்ததால் மூடுவது.

ஒரு நாவலில் மே மாதக் கடைசியில் காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஆழ்கடலுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் வாசகருக்கு அந்தப் பக்கத்தில் உப்புக்காற்று அடிக்கும். காசிமேட்டு வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாள். படகு கரையேறிப் பழுது பார்க்கும் காலம், நிவாரணத் தொகை எப்போது வரும் என்று பேசும் காலம், கடன் ஏறும் காலம். கட்டுமரமும் சிறு நாட்டுப் படகும் மட்டும் போகும். ஒரு தேதிப் பிழைக்காக நாவலையே மூடுவதா என்று கேட்கலாம். பிழை தேதியோடு நிற்கவில்லை. தடைக்காலம் தெரியாதவருக்கு அந்த வீட்டில் ஜூன் மாதம் என்ன பேசுவார்கள், எந்த நகை எப்போது அடகுக்குப் போகும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கதாநாயகியின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் தவறாகத்தான் சொல்லப்போகிறார். அனுபவமுள்ள வாசகர் ஒரு இழையைப் பிடித்து முழுத் துணியையும் கணித்துவிடுகிறார்.

துறைமுகமும் அப்படியே. மூட்டைக்குக் கொக்கி போட்டுத் தூக்கிய கேங் வேலையின் காலம் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. பெட்டி வந்ததும் கேங் சுருங்கியது, மேஸ்திரியின் அதிகாரம் சுருங்கியது. துறைமுகத்துக் கதை அங்கிருந்து எண்ணூர் நெடுஞ்சாலைக்கு, வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு, அந்த லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நகர்ந்துவிட்டது. இன்றைக்கு நடக்கிற கதையில் நாயகன் சணல் மூட்டை சுமந்தால், அந்த எழுத்தாளர் துறைமுகத்தைப் பழைய சினிமாவில் பார்த்தவர் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

பேச்சுமொழி இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஐம்பதுகளிலிருந்தே ஜெயகாந்தன் சேரி மக்களின் பேச்சை மரியாதையோடு கதைக்குள் கொண்டுவந்தார். பிறகு வந்த பலர் அந்த மரியாதையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'இன்னாபா', 'கஸ்மாலம்' என்று நாலு சொல்லைத் தூவினால் வடசென்னை என்றாகிவிட்டது. ராயபுரத்தில் மீனவர் உண்டு, தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, தலைமுறை தலைமுறையாகப் புனித பேதுரு கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர் உண்டு, பார்சிகளின் அக்னி ஆலயம்கூட உண்டு. கத்தோலிக்கப் பாட்டி ஏலம் விடுகிறவர்போலப் பேசமாட்டார். ஏலம் விடுகிறவரும் வீட்டில் தன் மகளிடம் ஏலக்குரலில் பேசமாட்டார். எல்லோரும் ஒரே பாஷை பேசும் நாவலில் ஒருவரும் பேசவில்லை, எழுத்தாளர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார்.

அரசியல் நாவல்களில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் பின்னி ஆலைத் தொழிலாளரைச் சுற்றி எழுந்தது. 1921-ல் அங்கே மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் எதிர்ப்பக்கம் நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. எம்.சி. ராஜா ஒரு நிலை எடுத்தார், திரு.வி.க. இன்னொரு நிலை எடுத்தார். இந்தப் பிளவு இல்லாத வேலைநிறுத்த நாவல், அதாவது எல்லோரும் தோளோடு தோள் நின்று கடைசியில் கொடி ஏற்றும் நாவல், பெரம்பூர், புளியந்தோப்புக் குடும்பங்களில் சிலவற்றுக்கு வெறும் சலிப்பைத் தராது. தாத்தா சொன்னதை மறைக்கிற நாவலாக அது படும். முற்போக்கு நாவல் தொழிலாளியைக் கதாநாயகனாக்கியது உண்மை. அவரைச் சொற்பொழிவாளராகவும் ஆக்கிவிட்டது. வாயில் கூட்டத்தில் கேட்ட பேச்சையே வீட்டிலும் படிக்க யாருக்கு ஆசை?

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். உண்மைதான் அளவுகோல் என்றால், அதே வாசகர் ராஜேஷ்குமாரின் ஹெலிகாப்டர் துரத்தலையும், 'பொன்னியின் செல்வன்' ஆழ்வார்க்கடியானின் சாகசத்தையும் எப்படி முடிக்கிறார்? அங்கே தடைக்காலம் பார்க்கிறாரா? பார்ப்பதில்லை. மாதநாவல் எதையும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. இன்று ராத்திரி உன்னைத் தூங்கவிடமாட்டேன் என்பதுதான் அதன் வாக்கு, பெரும்பாலும் காப்பாற்றியும் விடுகிறது. யதார்த்த நாவலோ, உன் வாழ்க்கையை உனக்கே சொல்கிறேன் என்று முன்னுரையிலும் பின்னட்டையிலும் உறுதி கொடுத்துவிட்டு உள்ளே வருகிறது. கூடுதல் வாக்குக் கொடுத்தவரிடம் கூடுதலாகக் கேட்பது இயல்பு. எந்த நாவலும் ஏமாற்றமாவது அது கொடுத்த வாக்கை வைத்துத்தான். இதனால்தான் மிகச் சாதாரணமான ஒரு திகில் கதை முடிக்கப்படுகிறது, பல விதங்களில் அதைவிடத் தேர்ந்த ஒரு சமூக நாவல் நூறாம் பக்கத்தில் நிற்கிறது.

சினிமாவோடு ஒப்பிட்டால் நாவலுக்குள்ள கஷ்டம் இன்னும் தெளிவாகும். 'மெட்ராஸ்', 'வடசென்னை', 'சார்பட்டா பரம்பரை' மூன்றையும் இங்குள்ளவர்கள் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் தப்பு கண்டுபிடித்தார்கள், சண்டையும் போட்டார்கள். ஆனால் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். திரையில் முகமும் தெருவும் பிழையைச் சற்று மூடிவிடும். இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தும்விடும். நாவலில் பிழையும் வாசகரும் தனியாக, நாள் கணக்கில், ஒரே அறையில் இருக்க வேண்டும்.

உள்ளிருந்து எழுதுகிறவர்கள் இப்போது அதிகம். கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' கட்டுரைகள், கூவம் கரைச் சிந்தாதிரிப்பேட்டையை எழுதிய தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' ஆகியவற்றில் ஊரைப் பற்றி ஏமாற்று வேலை குறைவு. அதற்காக இவை எல்லோராலும் முடிக்கப்படும் என்று சொல்லிவிட முடியாது. ஊர் தெரிந்த எழுத்தாளருக்கு ஊர் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கதாபாத்திரம், ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு முன்கதை. உள்ளூர் வாசகர் அங்கே மூடும்போது பொய்யால் மூடவில்லை, தெரிந்ததையே மறுபடி கேட்பதால் மூடுகிறார். ஊர்க்காரருக்கு ஊரைப் பற்றித் தகவல் தேவையில்லை. தானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன், இது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று அவரைக் கேட்கவைக்க வேண்டும். உண்மையாக எழுதுவது மூடாமலிருக்க முதல் நிபந்தனை. அது போதுமான நிபந்தனை ஆகாது.

எண்ணூரை எழுத நினைப்பவருக்கு இது நேரடியான சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். இவை செய்தியாக எல்லோருக்கும் தெரியும். முகத்துவாரத்துச் சாம்பல் மேட்டையும், கழியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று கிராமங்களுக்குள் வகுத்துக்கொண்ட பாடு முறையையும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் சேர்த்து எழுதினால் நல்ல அறிக்கை வரும். அந்த அறிக்கையை நாவல் என்று விற்றால், எண்ணூர்க்காரர் மூன்றாம் அத்தியாயத்தில் வைத்துவிடுவார். தென்சென்னைக்காரர் கண் கலங்கி முடித்துவிட்டு மதிப்புரை எழுதுவார். அந்த மதிப்புரையைப் பார்த்து அடுத்த எழுத்தாளரும் அதேபோல எழுத வருவார்.

ஆகவே, முடித்தவர்களின் சான்றிதழை மட்டும் வைத்து நாவலை எடைபோடுகிற ஏற்பாட்டில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு இருக்கிறது. மருந்துச் சோதனையில் நடுவில் விலகியவர்களையும் கணக்கில் வைப்பார்கள். நாவலில் விலகியவர்களை நாம் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். தொடர் எழுதும் செயலிகளில் ஒவ்வொரு பகுதியையும் எத்தனை பேர் படித்தார்கள் என்பது தெரிவதால், அங்கே எழுதுகிறவர்கள் வாசகர் எங்கே உதிர்ந்தார் என்று உடனே பார்க்கிறார்கள். அதைக் கண்டு பயந்து அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் வைக்கிற அளவுக்குப் போய்விடுவதும் உண்டு; அதை நான் சிபாரிசு செய்யவில்லை. அச்சு நாவலுக்கு அவ்வளவு கருவி தேவையில்லை. திருப்பித் தரும்போது நூலகர், 'எதுவரைக்கும் படிச்சீங்க, ஏன் வெச்சிட்டீங்க?' என்று கேட்டுத் தேதித்தாளுக்குப் பக்கத்தில் ஒரு வரி குறித்துவைக்கலாம். பதிப்பாளர் ஒருவர் துறைமுகத்தைப் பற்றிய கைப்பிரதியை அச்சுக்கு அனுப்பும் முன், டால்லி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவரிடமும், தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தியிடமும் கொடுத்து, பிடிக்காத பக்கத்தில் நிறுத்திவிடுங்கள் என்று சொல்லலாம். அவர்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நிறுத்தினால் எழுத்தாளரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்துக்கு முந்தைய பத்துப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லலாம். வேறு வேறு பக்கத்தில் நிறுத்தினால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட வேண்டும்.